மூன்று நாள் மருந்து

செப்டம்பர் 26, வெள்ளி

என்.சி.சி. பத்து நாள் முகாமுக்கு வந்தாயிற்று. கோவில்பட்டிக்கு வெளியே கரிசல்காட்டு நடுவில் ஓர் இன்ஜினியரிங் காலேஜ். லீவு விட்டு மாணவர்களைத் துரத்திவிட்டு எங்களை உள்ளே போட்டிருக்கிறார்கள். அறைக்கு இருபத்திரண்டு பெண்கள். பெஞ்சுகளை ஓரமாக அடுக்கிவிட்டுத் தரையில் படுக்கை. எங்கள் அறைக் கதவில் ‘திரவ இயக்கவியல்’ என்று பலகை தொங்குகிறது. என் மூக்குக்குள்ளும் அதே பாடம்தான். திரவம் இருக்கிறது, இயக்கம்தான் இல்லை.

ஆளுக்கொரு டைரி எழுத வேண்டும், கடைசி நாள் வாங்கிப் பார்ப்பேன் என்று எஸ்தர் மேடம் சொல்லிவிட்டார். எங்களைக் கூட்டி வந்த டீச்சர் அவர்தான். அந்த டைரியில் “அதிகாலை எழுந்தேன், அணிவகுத்தேன், தேசத்தை நேசித்தேன்” என்று பத்து நாளைக்கும் இன்றே எழுதி வைத்துவிட்டேன். இது வேறு டைரி. இதில் உண்மை மட்டும்.

உண்மை ஒன்று: குளியலறை வாளியில் யாரோ ஒருத்தியின் முடிச்சுருள் மிதக்கிறது, செத்த எலி மாதிரி. உண்மை இரண்டு: பக்கத்துப் படுக்கை ரஜபு மூக்கைச் சிந்திவிட்டு, முகம் துடைக்கிற துண்டிலேயே துடைக்கிறாள். பிறகு அதே துண்டால் தட்டையும் துடைக்கிறாள். நான் பார்த்துவிட்டேன் என்று தெரிந்ததும் மடித்துத் திருப்பிக்கொண்டாள். மறுபக்கம் புனிதமாம்.

என் மூக்கடைப்புக்கு ஸ்ப்ரே இருக்கிறது. நாகரிகமான சாதனம். இந்தப் பக்கம் ஒரு பீச்சு, அந்தப் பக்கம் ஒரு பீச்சு, கதவு திறந்துவிடும். அம்மா அதன் அட்டைப்பெட்டியில் ஸ்கெட்ச் பேனாவால் ‘12 முதல் 14 வரை. மூணே நாள்’ என்று எழுதியிருந்தாள். பெட்டியை வீட்டிலேயே விட்டுவிட்டேன். பாட்டில்தானே மருந்து, பெட்டியா மருந்து?

செப்டம்பர் 27, சனி

எங்கள் அறை அணிக்கு நான் கமாண்டர். பயிற்சி கொடுக்கிற ஹவில்தார் ஸ்டாஃப் ஒவ்வொருத்தியாகக் கத்தச் சொன்னார். விறைத்து நிற்கச் சொல்கிற என் “சாவ்தான்!” கேட்டு வேப்பமரத்துக் காக்கைகள் எழுந்து போயின. அதோடு தேர்வு முடிந்தது. மூன்றாம் தேதி அணிவகுப்புப் போட்டி, கர்னல் வருவார். சங்கரன்கோவிலில் இருக்கிற அம்மாவுக்குப் போன் போட்டுச் சொன்னேன். சந்தோஷப்பட்டுவிட்டு, “மருந்த நிப்பாட்டிட்டியா?” என்றாள். எப்பவோ நிறுத்தியாயிற்று என்றேன்.

எனக்கு அடுத்த இடம் பனிமயா மச்சாதுவுக்கு. தூத்துக்குடிக்காரி. நான் விழுந்தால் அவள்தான் கமாண்டர். பெயரிலேயே பனியை வைத்திருக்கிறவளுக்குச் சளி பிடிக்கவில்லை, எனக்குப் பிடித்திருக்கிறது. படுக்கையும் எனக்கு அடுத்ததுதான். பேசவே மாட்டாள். கேள்வி கேட்டால் தலையை ஆட்டுவாள், அதிலும் பாதிதான் ஆட்டுவாள்.

காலையில் கிளம்புமுன் ஒரு பீச்சு. பரேடு இடைவேளையில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒன்று. சாப்பாட்டு வரிசையில் தட்டை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு ஒன்று. சாயங்காலம் கிரீம் பிஸ்கட்டைப் பிரித்து, கிரீமை வழித்தெடுத்து, பற்பசை தடவி மூடி ரஜபுவுக்குக் கொடுத்தேன். “புதினா பிஸ்கட்டா?” என்று இரண்டு தின்றாள். மூன்றாவதில் நுரை வந்தது. சிரித்துச் சிரித்து எனக்கு மூக்கு அடைத்துக்கொண்டது, இன்னொரு பீச்சு. படுக்கும்போது ஒன்று.

ஒரு நாளைக்கு இரண்டே தடவைதான், காலையும் இரவும். கணக்காக இருக்கிறேன்.

செப்டம்பர் 28, ஞாயிறு

இன்று சாம்பார் பிரமாதம் என்று எல்லாரும் இரண்டாம் முறை வாங்கினார்கள். எனக்குச் சுடுதண்ணீரில் முருங்கைக்காய் நீந்தின மாதிரி இருந்தது. இந்தக் கும்பலுக்கு நாக்கே இல்லை.

செப்டம்பர் 29, திங்கள்

அவமானம்.

காலை அகட்டி நிற்கச் சொல்ல “விஷ்ராம்” என்று கத்தினேன். “விஷ்ராப்” என்று வந்தது. நில் என்பதற்கு “தம்” சொல்ல வேண்டும், “தப்” என்றேன். இருபத்தொரு பேரும் தொப்பென்று ஒரு காலை வைத்துவிட்டு, அடுத்த காலை வைப்பதா வேண்டாமா என்று கொக்குக் கூட்டமாக நின்றார்கள். ஸ்டாஃப் என்னைத் தனியே கூப்பிட்டு, மூன்றாம் தேதிக்குள் தொண்டை சரியாகாவிட்டால் பனிமயாவை நிறுத்திவிடுவேன் என்றார். தொண்டையில் ஒன்றும் இல்லை சார், பூக்குதாட் சார் என்றேன். அவருக்குப் புரியவில்லை.

ஆனால் இன்றைய பெரிய செய்தி அதுவல்ல. பாட்டில் வேகமாகக் குறைகிறது. வரும் வழியில் பஸ் ஸ்டாண்டு மெடிக்கலில் வாங்கின இரண்டாவது பாட்டில் இது, முந்தா நாள்தான் உடைத்தேன். இன்றைக்குக் கால்வாசி காணோம். நான் இரண்டே தடவை போடுகிறேன். மீதியை யார் போடுகிறார்கள்?

அதாவது, என் மூக்குக்குள் போய் வந்த முனையை வேறொருத்தி தன் மூக்குக்குள் விட்டிருக்கிறாள். பிறகு அதையே நான் என் மூக்குக்குள். இந்த அறையில் உள்ள இருபத்தொரு மூக்கையும் ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். ஒன்றுகூட ஒத்துக்கொள்ளும்படியாக இல்லை. குழாயடியில் முனையை மூன்று தடவை கழுவினேன். பாட்டிலில் மருந்து நிற்கிற மட்டத்துக்குப் பேனாவால் கோடு போட்டேன். கழுவினது சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஒரு பீச்சு.

செப்டம்பர் 30, செவ்வாய்

கோட்டுக்குக் கீழே ஒரு நகக்கண் அளவு இறங்கிவிட்டது. சந்தேகமே இல்லை, திருட்டுத்தான்.

முதலுதவி அறை நர்ஸ் அக்காவிடம் போனேன். மூக்குக்குள் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, உள்ளே செக்கச்செவேலென்று வீங்கியிருக்கிறது, ஏதாவது ஸ்ப்ரே போடுகிறாயா, எத்தனை நாளாக என்று கேட்டார். இரண்டு நாளாக என்றேன். என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, உப்புத்தண்ணீர் விட்டுக்கொள், வேது பிடி என்று அனுப்பிவிட்டார். உப்புத்தண்ணீர் மீனுக்கு.

திருடி யாரென்று எனக்குத் தெரிந்துவிட்டது. பனிமயா தினமும் விசில் ஊதுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே எழுந்துகொள்கிறாள். போர்வைக்குள் எதையோ சுருட்டி அக்குளில் இடுக்கிக்கொண்டு பின்வாசல் வழியாகப் போகிறாள், அரைமணி கழித்துத் திரும்புகிறாள், ஈரக் கையோடு. ரஜபுவும் பார்த்திருக்கிறாள். எனக்கு மூக்கு அடைத்தால் யாருக்கு லாபம்? கமாண்டர் நாற்காலிக்கு அடுத்து உட்கார்ந்திருப்பது யார்?

அக்டோபர் 1, புதன்

காலையில் பாட்டிலையே காணோம்.

தலையணைக்கடியில் இல்லை, பையில் இல்லை. மூக்கு இரண்டும் சிமெண்டு பூசின மாதிரி இருந்தது. வாயைத் திறந்துகொண்டு எஸ்தர் மேடத்திடம் ஓடினேன். இரண்டு நாளாக என் மருந்தைத் திருடியவள் இன்றைக்குப் பாட்டிலோடு தூக்கிவிட்டாள் என்றேன். மேடத்துக்குத் திருட்டு என்ற வார்த்தையே ஆகாது. எல்லாரும் அவரவர் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்க வேண்டும் என்றார்.

இருபத்தொரு பெட்டி திறந்தது. பனிமயா மட்டும் தன் பெட்டிமேல் உட்கார்ந்திருந்தாள்.

மேடம் எழுந்திருக்கச் சொன்னார். அவள் எழவில்லை. மேடத்தின் காதோடு எதையோ சொல்லப் பார்த்தாள். அதற்குள் நான், “பாருங்க மேடம், திருட்டுச் சாமானுக்கு மேலயே உக்காந்து அடைகாக்கா” என்றேன். அறை சிரித்தது. மேடத்துக்குக் கோபம் வந்து அவள் கையைப் பிடித்து எழுப்பிவிட்டுப் பெட்டியைத் திறந்தார்.

பாட்டில் இல்லை. மடித்த துணிகளுக்கு நடுவே அரக்கு நிறத்தில் ஒரு ரப்பர் ஷீட். பிறந்த குழந்தைக்குக் கீழே போடுவார்களே, அது. கழுவி மடித்து வைத்தும் வாடை போகவில்லை என்று முன்னால் நின்றவர்கள் பின்னால் நகர்ந்தார்கள். எனக்கு வாடை எதுவும் தெரியவில்லை. நானும் நகர்ந்தேன்.

மேடம் படாரென்று பெட்டியை மூடினார். ஆனால் எல்லாருக்கும் புரிந்துவிட்டது, தினமும் யாரும் எழுமுன் அவள் எதைக் கழுவப் போகிறாள் என்று. யாரோ ஒருத்தி பின்னாலிருந்து “ரப்பர் ஸ்டாம்ப்” என்று பெயர் வைத்தாள். மத்தியானத்துக்குள் பெண்களின் மூன்று அறைகளுக்கும் பரவிவிட்டது. சாப்பாட்டு வரிசையில் பையன்கள் பக்கத்திலிருந்துகூட ஒருவன் உள்ளங்கையில் ஓங்கி முத்திரை குத்திக் காட்டினான்.

சாயங்காலம் போர்வையை உதறியபோது பாட்டில் விழுந்தது. என் போர்வையிலிருந்து. மாட்டிக்கொள்வோம் என்று பயந்து யாரோ திருப்பி வைத்திருக்கிறார்கள்.

இரண்டு பீச்சு. அவ்வளவுதான் இன்று.

அக்டோபர் 2, வியாழன்

காந்தி ஜெயந்தி என்பதால் கழிப்பறை கழுவினோம். இரண்டிரண்டு பேராகப் பிரித்தார்கள். என் அதிர்ஷ்டம், பனிமயாவும் நானும்.

விவரித்துத்தான் ஆக வேண்டும். மூன்றாவது கழிப்பறை அடைத்துக்கொண்டிருந்தது. மூக்கடைப்புக்கு ஸ்ப்ரே இருப்பதுபோல் இதற்கும் ஒன்று கண்டுபிடித்தால் தேவலை. குச்சியை விட்டு ஆட்டினால் குமிழி வந்தது, தண்ணீர் ஏறியது, இறங்கவில்லை. வராந்தாவில் நின்ற ரஜபு வேலிக்கு ஓடிப்போய் வாந்தி எடுத்தாள். எனக்கு நாற்றமே தெரியவில்லை. கண்ணால் மட்டும் குமட்டியது. பனிமயா கையில் பாலித்தீன் கவரை மாட்டிக்கொண்டு குனிந்தாள். ஏதோ வந்தது. எது என்று இந்த டைரியில்கூட எழுத மாட்டேன். தண்ணீர் சரசரவென்று இறங்கிற்று.

“ஒனக்கு இதெல்லாம் பழக்கமோ?” என்று கேட்டேன். வேடிக்கையாகத்தான் கேட்டேன்.

“தெனமும் ரப்பர் ஷீட்டு கழுவுதேன்ல, பழகிரும்” என்றாள். கோபமே இல்லை குரலில். கொஞ்ச நேரம் விளக்குமாற்றால் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

“நீ வச்ச பேரு நல்லாத்தான் இருக்கு, கோமதி. கேட்டதும் எனக்கே சிரிப்பு வந்திச்சு. ஆனா எங்க ஸ்கூல்ல இருந்து மூணு பிள்ளைய வந்திருக்கு. திங்கக்கிழமை ஸ்கூல் தொறந்திரும். அதான் யோசிக்கேன், எந்த ஸ்கூலுக்கு மாறலாம்னு.”

பினாயிலை அதிகமாக ஊற்றினேன். பிறகு தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போனேன்.

சரி. அந்த யாரோ நான்தான். வாய்க்குள் ஒரு வார்த்தை நன்றாக அமைந்துவிட்டால் என்னால் விழுங்க முடியாது. அவள் பாட்டிலைத் திருடவில்லை என்றும் வைத்துக்கொள்வோம். அப்போது வேறு யாரோ திருடுகிறார்கள். அதை நாளைக் காலை நிரூபிக்கிறேன். கறுப்பு ஷூ பாலிஷ் இருக்கிறது. பாட்டில் முனையைச் சுற்றி மெல்லிசாகத் தடவிப் படுக்கைமேல் வைத்துவிட்டு எல்லாரும் டிபனுக்குப் போவோம். எவள் மூக்கில் கறுப்பு வளையம் இருக்கிறதோ அவள்தான். கோமதி சங்கரியின் மூளை இந்தக் கரிசல்காட்டில் வீணாகிறது.

அக்டோபர் 3, வெள்ளி

வரிசையாக எழுதுகிறேன்.

ஆறரைக்கு முனையில் பாலிஷ் தடவினேன். ஏழரைக்கு டிபன் முடிந்து வந்து எல்லா மூக்கையும் பார்த்தேன். ஷூ லேஸ் கட்டுகிற சாக்கில் கீழிருந்தும் பார்த்தேன். இருபத்தொரு ஜோடி ஓட்டைகள். சிலவற்றைச் சாகும்வரை மறக்க முடியாது. ஒன்றிலும் கறுப்பு இல்லை. எரிச்சலோடு பாட்டிலை எடுத்துப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டேன்.

எட்டே முக்காலுக்கு மைதானம். ஒன்பதுக்கு எங்கள் அணி. கர்னல் பந்தலில் உட்கார்ந்துவிட்டார். முந்நூறு பேர் சுற்றி நின்றார்கள். தொண்டையைச் செருமிக்கொள்ள ஒரு நிமிடம் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போனேன்.

பனிமயா வந்து, ஸ்டாஃப் கூப்பிடுகிறார் என்றாள். நான் திரும்பினேன். அவள் என் முகத்தையே பார்த்தாள். பிறகு பாக்கெட்டிலிருந்து ஒரு வெள்ளைக் கைக்குட்டையை எடுத்து நீட்டினாள். இஸ்திரி போட்டு நான்காக மடித்தது.

“மூக்கத் தொடைட்டி. ரெண்டு பக்கமும் கறுப்பா இருக்கு.”

எனக்கு உடனே விளங்கவில்லை. என் வலது கையைப் பார்த்தேன். பாட்டில் இருந்தது. எப்போது எடுத்தேன், எப்போது மூக்கில் வைத்தேன் என்று யாராவது கேட்டால் சத்தியமாகத் தெரியாது. பாலிஷ் வாடைகூடத் தெரியவில்லை.

அந்த இடத்தில் நாங்கள் இரண்டு பேர்தான். அவள் சிரிக்கவில்லை. “சீக்கிரம், யாரும் பாக்கல” என்றாள்.

விசில் ஊதிவிட்டார்கள். துடைக்க நேரம் இல்லை.

ஓடிப்போய் அணிக்கு முன்னால் நின்றேன். முகத்தில் வேர்வை வேறு. அதனால்தான் போலிருக்கிறது, பாலிஷ் மேலுதட்டுக்கும் இறங்கி, இரண்டு பக்கமும் முறுக்கின மீசை மாதிரி ஆகிவிட்டது என்று பிறகு சொன்னார்கள். கர்னலுக்கு முன்னால் விறைத்து நின்று சல்யூட் அடித்தேன். முதலில் எங்கள் அறைக்காரிகள், அப்புறம் பையன்கள், அப்புறம் மைதானமே சிரித்தது. ஸ்டாஃப் முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டார். தோள் குலுங்கியது. எஸ்தர் மேடம் மட்டும் சிரிக்கவில்லை.

கர்னல் கை காட்டியதும் அமைதியானது. என்ன இது என்று கேட்டார்.

எனக்கு நல்ல குரல். அடைத்த மூக்கோடும் கடைசி வரிசைவரை போகும்.

“மூக்கடைப்பு மருந்து சார்! யாரோ திருடுதாங்கனு பாலிஷ் தடவி வச்சேன் சார்! திருடுனது நானேதான் சார்! வேற ஒருத்தரும் தொடல சார்!”

மருந்து என்பது பருத்து என்று வந்தது. அதற்கும் தனியாகச் சிரித்தார்கள். பாலிஷ்மூக்கி என்று ஒரு பையன் கத்தினான். மட்டமான பெயர். நானாக இருந்தால் இன்னும் நன்றாக வைத்திருப்பேன்.

ஸ்டாஃப் என்னை வெளியே நிறுத்திவிட்டார். பனிமயா முன்னால் வந்து “சாவ்தான்” என்றாள். இந்தப் பெண்ணுக்குள் இவ்வளவு சத்தம் இருந்ததா என்று காக்கைகளும் நினைத்திருக்கும். இரண்டாம் பரிசு. நான் கொடிக்கம்பத்துப் பக்கம் தண்டனைக்கு நின்றபடி பார்த்தேன். நடை ஒரே சீர். பொறாமையாக இருந்தது, அதையும் எழுதிவிடுகிறேன்.

மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்தும் மூக்கு இன்னும் சாம்பல் நிறத்தில் இருக்கிறது. சாப்பாட்டு வரிசையில் பாலிஷ்மூக்கி, குழாயடியில் பாலிஷ்மூக்கி. பனிமயாவுக்கு வைத்த பெயரை இன்று ஒரே ஒரு தடவைதான் கேட்டேன். சொன்னவளைப் பார்த்து யாரும் சிரிக்கவில்லை. பழசாகிவிட்டது. தூத்துக்குடிப் பெண்கள் மூவரும் என்னிடமே வந்து என் பெயரையும் ஊரையும் கேட்டுக்கொண்டு போனார்கள். ஸ்கூலில் போய்ச் சொல்ல வேண்டுமாம்.

அக்டோபர் 4, சனி

மறுபடியும் நர்ஸ் அக்கா. எத்தனை நாளாக என்று அதே கேள்வி. இருபத்து மூன்று என்றேன். எத்தனை பாட்டில் என்றார். மூன்று. மூன்றாவது பாட்டில் என் பெட்டியின் அடியில் சாக்ஸுக்குள் இருக்கிறது.

“சளி எப்பவோ போயிருச்சு பாப்பா. மூணு நாளைக்கு மேல போட்டா, வேகம் தீர்ந்ததும் உள்ள முன்னவிட அதிகமா வீங்கும். இப்ப ஒனக்கு மூக்க அடைக்கிறதே இந்த மருந்துதான்.”

மீதி இரண்டு பாட்டிலையும் எடுத்துவந்து மேஜைமேல் வைத்தேன். ஒரு வாரம் கஷ்டமாக இருக்கும், உப்புத்தண்ணீர் விட்டுக்கொண்டு சமாளி, தாங்க முடியாவிட்டால் உன் ஊர் டாக்டரிடம் போ என்றார். திரும்பி நடக்கும்போது கை ஒன்பது தடவை பாக்கெட்டுக்குள் போனது. இந்த முறை நிஜமாகவே எண்ணினேன்.

உப்புத்தண்ணீர் விட்டால் என்ன வெளியே வருகிறது என்பது மனிதர்கள் அறிய வேண்டாத விஷயம். பச்சை, மஞ்சள், ஓரத்தில் கொஞ்சம் கறுப்பு. ரஜபு ஆர்வமாகப் பார்த்துக்கொண்டே நின்றாள். அவள் துண்டைக் கொடுத்தாள், புனிதமான பக்கத்தை. வாங்கித் துடைத்தேன். நான் இவ்வளவு தூரம் இறங்கிவிட்டேன்.

அக்டோபர் 5, ஞாயிறு

முகாம் முடிந்தது. எஸ்தர் மேடம் டைரிகளை வாங்கினார். என் தேசத்தை நேசித்த டைரியைப் புரட்டிவிட்டு, மூன்றாம் தேதியிலும் “அணிவகுத்தேன்” என்று எழுதியிருப்பதைச் சுட்டிக் காட்டினார். முன்கூட்டியே எழுதியது என்று தெரிந்துபோயிற்று. அப்படியே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

பஸ் ஏறுமுன் பனிமயாவிடம் கைக்குட்டையைத் திருப்பிக் கொடுத்தேன். அவள் விரித்துப் பார்த்தாள், இந்தப் பக்கம், அந்தப் பக்கம். வெள்ளை வெளேரென்று அதே நான்கு மடிப்பு, அதே இஸ்திரி.

“தொடைக்கவே இல்லியா?”

“நேரம் இல்ல. விசில் ஊதிட்டானே.”

“நீ பெறகும் ஒரு நிமிஷம் அங்கனேயே நின்ன. நான் பாத்தேன்.”

வேர்வை என்றேன். அவள் பாதித் தலையை ஆட்டினாள். திங்கட்கிழமை எந்த ஸ்கூல் என்று கேட்டேன். “எங்க ஸ்கூல்தான். வேற எது?” என்று சொல்லிவிட்டுத் தூத்துக்குடி பஸ்ஸில் ஏறிவிட்டாள்.

இதைச் சங்கரன்கோவில் பஸ்ஸில் எழுதுகிறேன். கழுகுமலை தாண்டியதும் இடது மூக்கில் டப்பென்று ஏதோ திறந்தது. வலது இன்னும் சிமெண்டுதான். இடது பக்கம் மட்டும் நூல் மாதிரி காற்று போய்வந்தது. அதோடு கூடவே ஒரு நாற்றம். அழுகின முட்டைக்கோசும் நனைந்த நாயும் சேர்ந்த மாதிரி ஒரு நாற்றம். யார் என்று பஸ் முழுக்கத் திரும்பித் திரும்பிப் பார்த்தேன். முன் சீட்டுக்காரர் கைலேஞ்சியால் மூக்கைப் பொத்திக்கொண்டு என் காலையே முறைத்தார்.

பத்து நாள் துவைக்காத என் சாக்ஸ்.

குனிந்து இன்னொரு தடவை மோந்து பார்த்தேன்.